பின் சாஃப்ட் நின்ற நாள்

அவனைக் கண்ட முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவன் சப்பாத்துப் போட்டிருந்தான். எட்டு வருஷமாக அந்தத் தோட்டத்தில் வெறுங்காலோடு எண்ணெயை மிதித்து ஃபிட்டர் வேலை செய்தவன் நான். அவன் கலகெதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மழை பெய்த மறுநாள், மூன்று மைல் மேட்டுப் பாதை நடந்து வந்திருந்தான். சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. ஸ்டோருக்குக் கீழே தண்ணீர்ப் பீலியில் கழுவிக்கொண்டு வந்திருப்பான். வேலைக்கு வருகிறவன் சப்பாத்தைக் கழுவிக்கொண்டு வருகிறான் என்றால் அவன் துரையைப் பார்க்க வருகிறான், இயந்திரத்தைப் பார்க்க வரவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுடையது கலகெதரைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டம். ஸ்டோர் என்று நாங்கள் சொன்னது றப்பர் பாலை உறைய வைத்து, ரோலரில் கொடுத்து நசுக்கி, ஷீட்டாக்கிப் புகை போடுகிற கட்டடம். ரோலர்களை ஓட்டிய எண்ணெய் என்ஜின் அந்த வருஷம் சிலிண்டர் வெடித்துப் போனது. றப்பர் விலை விழுந்து கிடந்த காலம். புது என்ஜின் கேட்டால் கொழும்பில் சிரிப்பார்கள். துரை, கடுகண்ணாவை ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் சும்மா நின்ற ஒரு டிராக்டரைக் கொண்டுவரச் செய்தார். இரும்புச் சக்கரம். மண்ணெண்ணெயில் ஓடுவது. மரம் இழுத்து இழுத்துக் கிழடாகிப் போனது.

அந்த டிராக்டரின் பின்பக்கம், இழுவைக் கொக்கிக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். பின் சாஃப்ட் என்போம். ஆசனத்துக்குப் பக்கத்தில் உள்ள லீவரை முன்னால் தள்ளினால் உள்ளே பல்லும் பல்லும் கோத்துக்கொண்டு அந்தச் சாஃப்ட் சுற்றும். அதில் கப்பி மாட்டி, கப்பியிலிருந்து பெல்ட் போட்டால் ரோலர் ஓட வேண்டும். சும்மா சுற்றும்வரை நன்றாகவே சுற்றியது. ரோலருக்குள் றப்பரைக் கொடுத்த உடனே கடகடவென்று கல் அரைக்கிற சத்தம் வரும். சாஃப்ட் நிற்கும். லீவர் தானாகப் பின்னால் பாய்ந்து, ஓட்டுகிறவன் முழங்காலில் அடிக்கும்.

துரை எங்கள் இரண்டு பேரையும் டிராக்டருக்கு முன்னால் நிறுத்தி வைத்துத் தன் தோட்டத் தமிழில் சொன்னார்.

"எவன் இது ஓட வைக்கிறான், அவன் பெரிய ஃபிட்டர். பெரிய ஃபிட்டர் வீடு அவனுக்கு. சரியா?"

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய பெரிய ஃபிட்டர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனதிலிருந்து அது பூட்டிக் கிடந்தது. இரண்டு அறை, தகரக் கூரை, சுண்ணாம்பு அடித்த சுவர், தனிக் குழாய். பாதையைப் பார்த்த பக்கம் நாலு கண்ணாடி பதித்த ஒரு ஜன்னல். என் பெண்சாதியும் நானும் லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், இருந்தோம். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. அடுத்த காம்பராக்காரன் இருமினால் எங்கள் சட்டி ஆடும். அவள் ஸ்டோரில் றப்பர் பால் உறைகிற தட்டுக் கழுவி ஷீட் காயப் போடுகிறவள். தினமும் வேலைக்குப் போகும்போது அந்த ஜன்னலுக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். வெளிக் கண்ணாடியில் தூசி இருந்தால் முந்தானையால் துடைப்பாள். பூட்டிக் கிடந்த வீட்டின் ஜன்னலை!

எட்டு வருஷ உழைப்புக்கு அது எனக்கு வர வேண்டிய வீடு. அதற்குத்தான் இவன் போட்டியாக வந்து நின்றான்.

அவன் யாழ்ப்பாணத்தான். கொழும்பில் தொழில் படித்தவன். இங்கிலீஷ் பேசுவான். பங்களா விறாந்தையில் துரை அவனுக்குக் கதிரை போட்டு உட்கார வைத்துப் பேசினார். நான் கீழே முற்றத்தில் ஸ்பானரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வருஷத்தில் என்னை ஒருநாளும் உட்காரச் சொல்லாத மனுஷன். கதிரை ஒன்றும் அதிசயமில்லை, நானும் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கதிரையின் பிரம்பு பின்னல் ஒவ்வொன்றும் என் கண்ணுக்குள் ஊசியாய்க் குத்தியது. இன்னொன்று, அவன் கல்யாணம் முடிக்காதவன். ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இரண்டு அறை?

வீட்டுக்கு வந்தால் பெண்சாதியும் அவன் பேச்சைத்தான் எடுத்தாள்.

"புதுசா வந்திருக்கவரு மரியாதையா பேசுறாருங்க. தட்டு வைக்க வழி விட்டு நிக்கிறாரு."

"வழி விட்டா பெரிய ஆளா? எருமகூடத்தான் வழி விடும்."

"நீங்க விட மாட்டீங்களே."

அவளுக்கு வாய் அப்படி. நான் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போனேன்.

டிராக்டரில் அவன் செய்த முதல் வேலை புத்தகம் விரித்தது. இயந்திரத்தோடு வந்த பழைய புத்தகம். எண்ணெய்க் கறை பிடித்துப் பாதிப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் மெதுவாகப் பிரித்துப் பிரித்துப் படித்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"அண்ணை, உள்ளுக்குப் பல்லு தேய்ஞ்சு போச்சு எண்டு நினைக்கிறன். தேய்ஞ்ச பல்லு பாரம் வரேக்கை வழுகித்தான் வெளியிலை வரும். மேல் மூடியைக் கழட்டிப் பாப்பம். புதுப் பல்லுச் சில்லு எடுப்பிக்க வேணும்."

"எங்கருந்து எடுப்பிக்கிறது?"

"சீமையிலை இருந்துதான் வரவேணும்."

"அதுவரைக்கும் றப்பர யாரு நசுக்குறது? நீங்க சப்பாத்துக் காலால மிதிப்பீங்களா?"

பக்கத்தில் தட்டுக் கழுவிய பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குத்தினால் திருப்பிக் குத்துகிறவனாக இருந்தால் சண்டை போடலாம். இவன் சிரிக்கிறான்.

நான் படிக்காதவன். ஆனால் எதைச் சந்தேகப்பட வேண்டும், எதை விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முதலில் கிளச் வழுக்குகிறதா என்று பார்த்தேன். டிராக்டரை ஒரு பலாமரத்து அடியோடு சங்கிலி போட்டுக் கட்டி, கியரில் போட்டு இழுக்க விட்டேன். சக்கரம் மண்ணைத் தோண்டியது, என்ஜின் மூச்சுமுட்டி நின்றது. அப்படியென்றால் கிளச்சில் பழுதில்லை. வழுக்கும் கிளச் என்ஜினை நிறுத்தாது, அது பாட்டுக்குப் புகையும்.

அடுத்து சோக்குக் கட்டி, கோடு போடுகிற வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி. பெட்டியின் பக்கத்தில் கையகல மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே நகருகிற பல்லுச் சில்லு, பல் வைத்த சக்கரம், தெரியும். என்ஜினை நிறுத்திவிட்டு, சில்லில் ஒரு கோடு, வெளியே லீவரில் ஒரு கோடு போட்டேன். லீவரைத் தள்ளினேன். லீவர் கடைசிவரை போனது. உள்ளே சில்லு முக்கால்வாசிதான் போனது. பல்லில் நகத்தை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஓரம் கொஞ்சம் மழுங்கியிருந்ததே தவிர, பல் பல்லாகத்தான் இருந்தது. முழுதாகக் கோக்காமல் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றால் எந்தப் பல்லும் பாரத்துக்கு விலகத்தான் செய்யும்.

அப்படியானால் லீவருக்கும் சில்லுக்கும் நடுவில் கால் அங்குலம் எங்கேயோ தொலைகிறது. டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்து இணைப்புக் கம்பியைப் பிடித்து ஆட்டினேன். அகப்பட்டது. லீவரின் அடிக்கால் கம்பியோடு சேருகிற இடத்தில் ஒரு ஆணி, அந்த ஆணி போகிற துளை. எத்தனையோ வருஷ ஆட்டத்தில் அந்த வட்டத் துளை நீண்டு போயிருந்தது. கை தள்ளுகிறதில் கால்வாசி அந்தத் துளைக்குள்ளேயே செத்துப் போகிறது.

வெளியே வந்தேன். அவன் புத்தகத்தோடு நின்றான்.

"என்ன அண்ணை, பிடிபட்டுதோ?"

"ஒங்க புத்தகத்துல பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கண்டிக்குப் பஸ் ஏறினேன்.

கண்டிச் சந்தைக்குப் பின்னால் ஒரு கடைசல் பட்டறை இருந்தது. முதலாளி முஸ்லிம், எனக்குப் பழக்கம். நானா என்றுதான் கூப்பிடுவேன். துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, இது ஓட்டையா, கோழி முட்டையா? இவ்வளவு நாளும் இத வெச்சிட்டா ஓட்டினீங்க?"

"நம்ம தோட்டத்துக்கு வந்து நாலு நாளுதான் நானா. சரி பண்ண முடியுமா?"

"துளைய வட்டமாப் பெருப்பிச்சி மோதிரம் மாதிரி பித்தள புஷ் ஒண்டு எறக்கினாச் சரி. குந்துங்க. தேத்தண்ணி குடிங்க. ஒங்கடது அந்தப் புது ஃபிட்டர் வந்தீக்கிற தோட்டமா? பெரிய படிச்ச ஆளாமே, தொரையோட இங்கிலீசுல கதைக்கிறாராமே?"

கண்டி வரைக்கும் அவன் பேர் வந்துவிட்டது. தேத்தண்ணி எனக்குக் கசந்தது.

"ஒங்களுக்கு யாரு நானா சொன்னது?"

"பஸ்ஸுல சாமான் வாற மாதிரி கதையும் வரும் தம்பி. ஏன் மொகம் இப்பிடிப் போகுது? பசிக்குதா?"

மறுநாள் பின்னேரம் நாலு மணிக்குப் புஷ் இறக்கிய துண்டைப் பூட்டினேன். சோக்குக் கோடு போட்டுப் பார்த்தேன். லீவர் போன தூரம் சில்லும் போனது. லீவரைத் தள்ளியபோது கடைசியில் டக் என்று இரும்பில் இரும்பு முட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினைப் போட்டு, ரோலரில் றப்பரைக் கொடுத்தோம். அரைத்துத் தள்ளியது. லீவர் அசையவில்லை. ஒரு ஷீட், இரண்டு ஷீட், பத்து ஷீட்.

அவன் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான்.

"நல்லா ஓடுது அண்ணை. நான் பல்லு எண்டு நினைச்சன். பிழை விட்டிட்டன்."

நான் ஸ்பானரைத் துடைத்தேன். அப்போது அவனைப் பிடித்துப் போயிருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. தோற்கிறதைக்கூட இவன் என்னைவிட அழகாகச் செய்கிறானே என்றுதான் வந்தது.

துரை கண்டியில் இருந்தார். நாளைக் காலையில் வந்து பார்ப்பார் என்றார்கள். நான் டிராக்டரைத் துடைத்துவிட்டுப் போனேன். வீட்டில் பெண்சாதிக்குச் சொன்னேன். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள், ஸ்டோரில்தானே இருந்தாள். தட்டுக் கழுவி முடித்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வந்திருந்தாள். அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

காலையில் துரை வந்தார். கணக்கப்பிள்ளை, கங்காணி, ரோலர்க்காரர்கள், தட்டுக் கழுவுகிற பெண்கள் எல்லோரும் நின்றார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். நான் ஏறி உட்கார்ந்தேன். கிளச்சை மிதித்து லீவரைத் தள்ளினேன்.

டக் சத்தம் வரவில்லை. லீவர் போய் மெத்தென்று நின்றது, தலையணையில் முட்டுகிற மாதிரி. என் கை அதை உணர்ந்தது. எட்டு வருஷம் பழகிய கை, உணராமல் இருக்குமா? இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முன்னால் இறங்கிக் குனிந்து பார்த்தால் நேற்று நான் செய்ததில் எனக்கே நம்பிக்கையில்லை என்று ஆகிவிடும். நான் இறங்கவில்லை. கிளச்சை விட்டேன்.

ரோலருக்குள் றப்பர் போனது. கடகடவென்று சத்தம். லீவர் முழங்காலில் அடித்தது. பெல்ட் நின்றது. றப்பர் பாதி நசுங்கி, நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி ரோலரில் தொங்கியது.

யாரோ சிரித்தார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேத்து ஓடிச்சுங்க தொர. பத்து ஷீட்டு ஓடிச்சு."

"நேத்து நான் பாக்கல்லே. இன்னிக்கு ஓடல்லே. நீ எறங்கு."

இறங்கினேன். அப்போது எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்று. இவன்தான் ஏதோ பண்ணியிருக்கிறான். நேற்று நான் போகும்போது இவன்தான் ஸ்டோரில் நின்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான். ஆணியைத் தளர்த்தியிருப்பான். அவன் சிரித்த சிரிப்பும், "பிழை விட்டிட்டன்" என்ற வார்த்தையும் எல்லாம் இதற்குத்தான்.

துரை அவனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவன் டிராக்டரைப் பார்க்கவில்லை. முதலில் பெண்கள் நின்ற பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு வந்து குனிந்து, கால் வைக்கிற தட்டுக்கு அடியில், லீவரின் அடியில் கையை விட்டான். கத்தியை எடுத்தான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கையை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் எதையோ போட்டுக்கொண்டான். ஏறி உட்கார்ந்து லீவரைத் தள்ளினான்.

டக்.

ஓடியது. என் புஷ்ஷில், என் ஆணியில், என் பல்லில் ஓடியது. ஆசனத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்.

துரை அவன் தோளைத் தட்டினார். என்னைப் பார்த்து, "கை மட்டும் போதாது, மண்டையும் வேணும்" என்றார். கணக்கப்பிள்ளை அதற்குச் சிரித்தார். அன்றைக்கே வீட்டுச் சாவி பங்களாவிலிருந்து அவனுக்குப் போனது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அவனை ஸ்டோருக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில் பிடித்தேன். உண்மையாகவே பிடித்தேன். சட்டைக் காலர் என் கையில் இருந்தது.

"என்னடா பண்ணுன ராத்திரியோட ராத்திரியா?"

அவன் கையைத் தட்டிவிடவில்லை. பைக்குள் விரலை விட்டு எடுத்து நீட்டினான். அறுந்த நீல ரிப்பன். அதில் கட்டிய ஒரு மாதா மெடல். ரிப்பன் முடிச்சின் மேல் முடிச்சாய்ப் பாக்கு அளவுக்குத் திரண்டிருந்தது.

"லீவர் போற துவாரத்துக்குக் கீழை கட்டி இருந்தது. முடிச்சும் மெடலும் துவாரத்தின்ரை நுனியிலை இறுகிப் போச்சு. லீவர் முழுக்கப் போகேலாமல் நிண்டது அதாலைதான்."

அந்த ரிப்பன் எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தன்று அவள் தலையில் கட்டியிருந்தது.

"இது என் பொண்டாட்டியோடது."

"ஓம் அண்ணை. தெரியும்."

"ஒனக்கு எப்பிடிடா தெரியும்?"

"நேத்துப் பின்னேரம் என்னட்டைக் கேட்டவ. பின் சாஃப்ட் எந்தத் தடியாலை ஓடுறது எண்டு. நான் காட்டினன். பிறகு நான் போயிட்டன். கட்டுவா எண்டு நினைக்கேல்லை. இண்டைக்கு லீவர் உங்களை அடிக்கேக்கைதான் ஞாபகம் வந்தது."

அவன் பழுதைக் கண்டுபிடிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். தெரிந்ததற்குக் காரணம் என் பெண்சாதி அவனிடம் போய்க் கேட்டது. என்னிடம் கேட்கவில்லை. அந்த இயந்திரத்துக்கடியில் நாலு நாள் படுத்துக் கிடந்தவன் நான். அவள் அவனிடம் கேட்டாள். வீடு போனதைவிட அது எனக்கு எரிந்தது.

"தொரைக்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னால் ஆருடைய பேர் வெட்டுப்படும்?"

ஓடுகிற பெல்ட்டில் சேலை மாட்டி வேறொரு தோட்டத்தில் ஒரு பெண் செத்ததிலிருந்து, எங்கள் துரை ஒரு சட்டம் வைத்திருந்தார். பெண்கள் இயந்திரத்தைத் தொட்டால் அன்றைக்கே செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பேர் வெட்டு, கையில் வேலை நீக்கப் பத்துச்சீட்டு. றப்பர் விலை விழுந்த அந்த நாளில் பத்துச்சீட்டோடு வெளியே போனவரை எந்தத் தோட்டமும் எடுக்காது. அவளுக்குச் சீட்டு என்றால் எனக்கும் சேர்த்துத்தான்.

"லீவர் இறுகி இருந்தது எண்டு மட்டும் சொன்னன்" என்றான் அவன். "புஷ் போட்டது நீங்கள் எண்டும் சொன்னன். அவர் அதைக் காதிலை விழுத்தேல்லை. நீங்கள் உள்ளதைச் சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ அண்ணை. நான் மறுக்க மாட்டன். வீட்டையும் விடுவன்."

காலரை விட்டேன். ரிப்பனைப் பிடுங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. அவன் சொன்னது உண்மையோ பொய்யோ, எனக்கு அவன்மேல் இருந்த கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பங்களாப் படிக்கட்டு வரைக்கும் போனேன். அதை மறைக்க மாட்டேன். இரண்டு படி ஏறினேன். "தொரைங்க, என் வேலை சரி, என் பொம்பளதான் கெடுத்தா" என்று சொல்லப் போனேன். மூன்றாவது படியில் வேட்டை நாய் குரைத்தது. திரும்பி வந்துவிட்டேன். நாய்க்குப் பயந்து திரும்பியதாகவே இருக்கட்டும்.

அன்று பின்னேரம் வேலை முடிந்து காம்பராவுக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

"நேத்து அவன்கிட்ட ஒனக்கு என்னடி பேச்சு?"

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"எந்தத் தடின்னு கேட்டேன்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"ஒங்ககிட்ட கேட்டா எதுக்குன்னு கேப்பீங்க. மாதாவக் கட்டணும்னு சொன்னா நாயா விழுவீங்க. இயந்திரத்துக்கு எதுக்குடி மாதான்னு கத்துவீங்க. அந்தாளு ஒண்ணும் கேக்கல, காட்டுனாரு." ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்பிடியே ஓடணும்னுதான் கட்டுனேன். கல்யாண ரிப்பன். மாதா கண்ணத் தொறக்கலியே. மெடலயும் காணோம்."

மெடல் என் பையில் இருந்தது. எடுத்து அவள் முகத்தில் எறிந்து, உன் மாதாதான்டி என் வீட்டைத் தின்றது என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகையாகத்தான் இருக்கும். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய தடவைகள் கொஞ்சம். மறுநாள் மெடலை ரிப்பனோடு தட்டுக் கழுவுகிற தொட்டிப் பக்கம் கீழே போட்டுவிட்டு வந்தேன். பின்னேரம் அவள் ஓடி வந்தாள்.

"ஏங்க, மாதா திரும்பி வந்துட்டாங்க!"

"ம்" என்றேன்.

அதன் பிறகு இரண்டு வருஷம் நான் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். அவன் உள்ளே புத்தகம் படித்துக்கொண்டிருப்பான். கையை உயர்த்துவான். நான் பாதையின் மறுபக்கத்தில் றப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு போவேன். அவன் ஜன்னலுக்குத் திரை போட்டபோது எரிந்தது. திரையைக் கழற்றித் தோய்த்தபோதும் எரிந்தது. என் பெண்சாதி அந்தக் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வேலையில் நாங்கள் சண்டை போடவில்லை. அவன் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன், அவன் முகத்தைப் பார்க்காமல். டிராக்டர் நின்றால் அவன் புத்தகத்தைத் தொடுமுன் நான் கால் தட்டுக்கு அடியில் படுத்துவிடுவேன். லீவரின் அடியைத்தான் முதலில் தடவிப் பார்ப்பேன். பழுது ரேடியேட்டரில் இருந்தாலும் முதலில் அங்கேதான் கை போகும்.

பிறகு அவனுக்குக் கண்டியில் ஒரு பெரிய கராஜில் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகும்போது ஸ்டோருக்கு வந்தான்.

"வாறன் அண்ணை."

"சரி."

அவ்வளவுதான் பேசினேன். மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். அவன் போகுமுன் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறானாம், இந்த ஸ்டோரின் இயந்திரங்கள் எனக்குத்தான் தெரியும் என்று. பெரிய ஃபிட்டர் வேலை எனக்கு. சாவியை மேசையில் தள்ளினார். அந்தச் சாவியை எடுக்கும்போது என் விரல் கூசியது. எட்டு வருஷத்துக்கு வராதது, பத்து வருஷத்துக்கு வராதது, அவன் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்துக்கு வந்தது. கிழித்தெறிந்துவிட்டுப் போகலாம் என்றுகூட நினைத்தேன். ஸ்டோருக்குத் திரும்பி வந்தால் பெண்சாதி தட்டோடு நிற்கிறாள். சாவியைப் பார்த்துவிட்டாள். தட்டு கீழே விழுந்தது.

அன்றைக்கே குடிபோனோம். சட்டி, பாய், ஒரு தகரப் பெட்டி. அவன் அடித்த ஆணிகள் சுவரில் இருந்தன. அவற்றைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் புது ஆணி அடித்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பெருமழை. நான் சாப்பிட வந்திருந்தேன். ஜன்னல் வழியே சாரல் அடித்துப் பாய் நனைந்தது.

"ஏங்க, இந்த ஜன்னலு சாத்த மாட்டேங்குதே. நீங்க ஃபிட்டருதானே, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். இரண்டு கதவும் ஒன்று சேரவில்லை. கால் அங்குலம் இடைவெளி. தள்ளினேன். மெத்தென்று நின்றது. விரலை விட்டுத் தடவினேன். கொண்டியின் அடியில் நீல ரிப்பன், முடிச்சின் மேல் முடிச்சு, நடுவில் மாதா.

அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க பழுது?"

"மரம் ஊறிப்போச்சு" என்றேன். "வெயில் வந்தா சரியாயிரும்."

பாயைச் சுருட்டிச் சாரல் படாத பக்கம் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.